தேங்காய் நிமிர்ந்த இடத்தில் தண்ணீர் வந்தது. அப்படியானால் எது அறிவியல்?

ஹொரமாவு வாசி | சனி, காலை 7:40

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுடையது நாற்பது வீடுகள் உள்ள அப்பார்ட்மெண்ட். 2024 மார்ச்சில் எங்கள் போர் (ஆழ்துளைக் கிணறு) வற்றிவிட்டது. அந்த மாதம் பெங்களூரு எப்படி இருந்தது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். டேங்கருக்கு முதல் நாள் இரவே சொல்லி வைத்தாலும் வராது. புது போர் போடுவது என்று சங்கத்தில் முடிவானது. இடம் பார்க்க ஒரு நிலத்தியல் நிபுணரை அழைத்தோம். அவர் தரையில் இரும்புக் கம்பிகளை அடித்து, மின்சாரம் பாய்ச்சி, அளவெடுத்து, ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி குறித்தார். 1,100 அடி போனோம். புழுதிதான் வந்தது.

அப்புறம் செயலாளர் தம் ஊரிலிருந்து ஒரு பெரியவரைக் கூட்டி வந்தார். உள்ளங்கையில் குடுமித் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தார். பிள்ளைகள் விளையாடும் மூலைக்கு வந்ததும் தேங்காய் சட்டென்று நிமிர்ந்து நின்றது. நான் இரண்டடி தள்ளி நின்று பார்த்தேன். மணிக்கட்டில் நரம்பு புடைத்திருந்தது, நெற்றி வியர்த்திருந்தது. நடிப்பு என்று எனக்குத் தோன்றவே இல்லை. அங்கே போட்டோம். 780 அடியில் தண்ணீர், வரத்து இரண்டு இஞ்ச் அளவு.

என் மகள் இரண்டாம் பி.யூ. (பன்னிரண்டாம் வகுப்பு) படிக்கிறாள். அன்று ராத்திரி கேட்டாள்: “சோதனை பண்ணிப் பார்க்கிறதுதான் சயின்ஸ்னு நீங்கதானேப்பா சொல்வீங்க. சோதனை பண்ணியாச்சு, தேங்காய் ஜெயிச்சுடுச்சு. இப்ப எது சயின்ஸ்?”

பதில் சொல்ல வராமல் நின்றேன். கம்பியும் மின்சாரமும் இருந்தால் அறிவியல், தேங்காய் இருந்தால் மூடநம்பிக்கை என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. இந்த விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நாலாவது பெஞ்ச் | சனி, காலை 9:15

சார், உங்கள் மகள் கேட்டிருப்பது அறிவியல் தத்துவத்தின் ஆணிவேரான கேள்வி. எது அறிவியல், எது இல்லை, எல்லைக்கோட்டை எங்கே போடுவது? இதற்கு மிகவும் பெயர் பெற்ற பதிலைச் சொன்னவர் கார்ல் பாப்பர்.

1919-இல் அவர் வியன்னாவில் பதினேழு வயதுப் பையன். அந்த ஆண்டு மே 29 அன்று முழு சூரிய கிரகணம். சூரியனை ஒட்டி வரும் நட்சத்திர ஒளி எவ்வளவு வளையும் என்று ஐன்ஸ்டைன் முன்னாலேயே கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார். அந்த அளவு வளையவில்லை என்றால் அவருடைய கோட்பாடு அன்றோடு போச்சு. அதே ஊரில் மனோதத்துவச் சிந்தனைப் பிரிவுகளும் இருந்தன. ஒருவன் குழந்தையை ஆற்றில் தள்ளினாலும் அவர்களிடம் விளக்கம் இருந்தது, இன்னொருவன் குதித்து அந்தக் குழந்தையைக் காப்பாற்றினாலும் அதே கோட்பாட்டிலிருந்து விளக்கம் வந்தது. எது நடந்தாலும் பொருந்துகிற கோட்பாடு பலமானது என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்கள். பாப்பருக்கு அதுவே அதன் பலவீனமாகப் பட்டது. ‘இது நடந்தால் நான் தவறு’ என்று முன்கூட்டியே கழுத்தை நீட்டுகிற கூற்றுதான் அறிவியலுக்குரியது என்று 1934-இல் நூலாகவே எழுதினார்.

இப்போது உங்கள் பெரியவரைப் பாருங்கள். “இங்கே தோண்டினால் தண்ணீர் வரும்” என்கிறார். வராவிட்டால் பொய். ஆக பாப்பர் கணக்கில் இது சோதிக்கத் தக்க கூற்று. மூடநம்பிக்கை என்று ஒரே வரியில் தள்ள முடியாது, உங்கள் மகள் பக்கம் அவ்வளவு நியாயம் இருக்கிறது. ஆனால் சோதிக்கத் தக்கது என்பது ஒன்று, சோதனையில் தேறியது என்பது வேறு. ஒரே ஒரு போர் சோதனை ஆகுமா என்பதை நிலத்தடி நீர் தெரிந்தவர் யாராவது வந்து சொன்னால் நன்றாக இருக்கும்.

கல்லுளி | சனி, பகல் 12:05

கூப்பிட்ட குரலுக்கு வந்துவிட்டேன். முப்பது வருடமாக இந்த வேலைதான். அந்த 1,100 அடிப் புழுதி நான் குறித்த புள்ளியாகவும் இருந்திருக்கலாம். அந்த மாதிரி நாளில் சங்கத்துக்காரர்கள் முகத்தைப் பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

முதலில் பாறையைப் பற்றி. லால்பாக் தோட்டத்தில் ஏறி நிற்கிறோமே, அந்தப் பாறைதான் ஊருக்கே அடியில் கிடக்கிறது. ஏறத்தாழ 300 கோடி வருடப் பழமை. அதற்குள் தண்ணீர் ஏரி மாதிரி தேங்கிக் கிடப்பதில்லை. மேலே கொஞ்சம் சிதைந்த மண், கீழே கெட்டிப் பாறை, அதில் அங்கங்கே வெடிப்பு. அந்த வெடிப்பில்தான் தண்ணீர். பத்தடி தள்ளிப் போட்டால் கதையே மாறிவிடும்.

நாங்கள் அளப்பது தண்ணீரை அல்ல, மின்தடையை. நீர் நிறைந்த வெடிப்பில் தடை குறைவு. களிமண்ணிலும் குறைவுதான். ஒரே அளவீட்டுக்கு இரண்டு காரணம் இருக்கலாம், எது என்று கருவி சொல்லாது. அந்த இடத்தின் பாறை, பக்கத்துப் போர்களின் ஆழம் எல்லாவற்றையும் வைத்து நாங்கள்தான் ஊகிக்க வேண்டும். ஜெனரேட்டர் அறைப் பக்கம் என்றால் எர்த்திங் கம்பி புதைத்திருப்பார்கள், அதுவும் அளவைக் கெடுத்திருக்கும்.

இனி முக்கியமான விஷயம். உங்கள் லேஅவுட்டில் கண்ணை மூடிக்கொண்டு பத்து இடத்தில் தோண்டினால் எத்தனையில் தண்ணீர் வரும்? ஆறில் வரும் என்று வைத்துக்கொள்வோம். அப்போது தேங்காயும் ஆறில் ஜெயிக்கும், கம்பியும் ஆறில் ஜெயிக்கும், உங்கள் மகள் கல்லெறிந்து குறித்த புள்ளியும் ஆறில் ஜெயிக்கும். அந்த ஆறைத் தாண்டினால்தான் முறைக்கு மதிப்பு. இதைத் தெரிந்துகொள்ள வற்றிய போர்களையும் எண்ண வேண்டும். யாரும் எண்ணுவதில்லை.

ஜெர்மனியில் எண்ணிப் பார்த்தார்கள். 1987-88 வாக்கில் மியூனிக் பக்கம் ஒரு தானியக் கிடங்கில் நடந்த சோதனை. கீழ்த்தளத்தில் தண்ணீர்க் குழாயை ஒரு வண்டியில் வைத்து, ஒவ்வொரு முறையும் குலுக்கல் முறையில் இடம் மாற்றுவார்கள். மேல்தளத்தில் நடக்கும் நீரோட்டம் பார்ப்பவர் அது எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டும். நூற்றுக்கணக்கானவர்களில் தேறிய 43 பேர், 843 முறை. நடத்தியவர்கள், பெரும்பாலோருக்குத் திறமை இல்லை, ஆறு பேருக்கு மட்டும் அபாரத் திறமை என்று எழுதினார்கள். 1999-இல் என்ரைட் என்பவர் அதே எண்களை எடுத்து மறுபடி பார்த்தார். ஒருமுறை நன்றாகச் சொன்ன அந்த ஆறு பேரும் அடுத்தடுத்த முறைகளில் அதைத் திரும்பச் செய்து காட்டவில்லை, மொத்தமும் குருட்டு அதிர்ஷ்டத்தின் அளவுதான் என்றார். எனக்கு அவர் கணக்குதான் சரி என்று படுகிறது. 43 பேர் சீட்டுக் குலுக்கினால் நாலைந்து பேருக்கு நல்ல நாளாக அமையத்தானே செய்யும்?

அல்சூர் ஆசிரியை | சனி, மாலை 4:30

பெரியவர் நடிக்கவில்லை என்று ஹொரமாவு சார் எழுதியதைப் பிடித்துக்கொள்கிறேன். அது ரொம்ப நேர்மையான கவனிப்பு.

1853-இல் லண்டனில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆவியை அழைப்பது பெரிய மோகமாக இருந்தது. எல்லோரும் கையை வைத்தால் மேசை தானாக நகரும். மைக்கேல் ஃபாரடே அதைக் கேலி செய்யவில்லை, போய் ஆராய்ந்தார். அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக, லேசாக வழுக்குகிற பசையால் ஒட்டி, மேசைக்கும் கைக்கும் நடுவில் வைத்தார். மேசை தானாக நகர்ந்தால் கீழ் அட்டைதான் முதலில் நகர வேண்டும். மேல் அட்டைகள் முந்திப் போயிருந்தன. கைதான் தள்ளியிருக்கிறது. ஆனால் உட்கார்ந்திருந்த யாருக்கும் தாங்கள் தள்ளியது தெரியாது, அவர்கள் பொய் சொல்லவில்லை. பிறகு கை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று காட்டும் ஒரு முள்ளை அவர்கள் கண்ணுக்குத் தெரியும்படி வைத்தார். மேசை அசையவே இல்லை.

இதை என் மாணவர்களுக்குச் சொல்லும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கும். ‘நீ பொய்யன்’ என்று யாரையும் சொல்லாமல் உண்மையைக் கண்டுபிடிக்க ஒரு வழி. பெரியவர் கையில் தேங்காய் நிமிர்ந்தது நிஜம். யார் நிமிர்த்தினார்கள் என்பதுதான் கேள்வி.

ஹொரமாவு வாசி | சனி, இரவு 10:20

எல்லாவற்றையும் மகளுக்குப் படித்துக் காட்டினேன். ஃபாரடே கதையை இரண்டு முறை கேட்டாள். ஆனால் விடவில்லை. அவள் கேட்டதை அப்படியே தருகிறேன்:

“தோத்துப் போனப்ப எர்த்திங் கம்பின்னு கல்லுளி அங்கிள் சொல்றாரு. தேங்காய்த் தாத்தா தோத்தா, தேய்பிறையில போட்டீங்க, அதான்னு சொல்வாரு. ரெண்டும் சாக்குதானே?”

நாலாவது பெஞ்ச் | ஞாயிறு, காலை 6:50

பாப்பரை எதிர்த்து அடுத்த தலைமுறை கேட்ட கேள்வியும் இதுதான். அவருக்கு முன்னாலேயே, 1906-இல், பியர் டூயெம் என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் இதைச் சொல்லிவிட்டார். எந்தக் கூற்றும் தனியாகச் சோதனைக்குப் போவதில்லை. கருவி சரி, கணக்கு சரி, சூழ்நிலை சரி என்று பத்து நம்பிக்கைகளைக் கையோடு கூட்டிக்கொண்டு போகிறது. முடிவு தப்பாக வந்தால் பத்தில் எது பழுது என்று சோதனை சொல்லாது.

ஒரே மனிதர் வாழ்வில் நடந்த இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன். யுரேனஸ் கோள் நியூட்டன் கணக்குப்படி நகரவில்லை. பாப்பர் விதியைக் கறாராகப் பிடித்தால் நியூட்டனைத் தூக்கிப் போட்டிருக்க வேண்டும். பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே போடவில்லை. கண்ணுக்குப் படாத இன்னொரு கோள் இழுக்கிறது என்றார். சாக்கு மாதிரி இல்லை? ஆனால் வானத்தில் எந்த இடத்தில் பார்க்க வேண்டும் என்று கணக்கிட்டு பெர்லினுக்குக் கடிதம் எழுதினார். 1846 செப்டம்பர் 23, கடிதம் கிடைத்த அன்று இரவே அங்கிருந்த வானியலாளர் கால்லே தொலைநோக்கியைத் திருப்பினார். சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் நெப்டியூன் இருந்தது.

புதன் கோளிலும் அதே மாதிரி ஒரு சின்னப் பிசகு. 1859-இல் லெவெரியே அதே மருந்தையே எழுதினார்: சூரியனுக்கு அருகில் இன்னொரு கோள் இருக்கிறது. வல்கன் என்று பெயர்கூட வைத்தாயிற்று. பார்த்தேன் என்று சொன்னவர்களும் உண்டு. வருடக்கணக்கில் தேடியும் உறுதியாகவில்லை, ஏனென்றால் அப்படி ஒரு கோளே இல்லை. நூற்றாண்டுக்கு 43 விகலை (ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு ஒரு விகலை) என்ற அந்தப் பிசகு 1915-இல் ஐன்ஸ்டைன் வந்த பிறகுதான் தீர்ந்தது. அந்த முறை தப்பு நியூட்டனிடமே இருந்தது.

ஆக சாக்குச் சொல்வது குற்றமில்லை. இம்ரே லகாட்டோஷ் என்ற அறிவியல் தத்துவவாதி இதைத்தான் பிடித்துக்கொண்டார். சொன்ன சாக்கு புதிதாக ஏதாவது ஒன்றை முன்கூட்டிச் சொல்கிறதா, அதைப் போய்ப் பார்க்க முடிகிறதா என்று கவனிக்கச் சொன்னார். எர்த்திங் கம்பிதான் காரணம் என்றால் கம்பியை விட்டுத் தள்ளி மறுபடி அளக்கலாம், அளவு மாற வேண்டும். மாறாவிட்டால் கல்லுளி சார் அந்தக் காரணத்தைக் கைவிட வேண்டும். தேய்பிறை என்றால் வளர்பிறையில் போட்ட போர்களையும் தேய்பிறையில் போட்டவற்றையும் எண்ணலாம். அதற்குப் பெரியவர் ஒப்புக்கொண்டால் அவரும் அந்த நிமிடம் அறிவியல்தான் செய்கிறார், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு புதுக் காரணம், எந்தக் காரணத்தையும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்றால்தான் கோளாறு.

மாரிக்குப்பம் ரயில் | ஞாயிறு, பகல் 11:30

நான் கோலார் தங்கவயல்காரன். தினம் ரயிலில் பெங்களூருவுக்கு வேலைக்கு வந்து போகிறேன். இந்த இழையைப் படித்ததும் எங்கள் ஊரைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ஆழத்தில் பாறையில் கை வைத்தால் சுடும் என்பார். ஏர் பிளாஸ்ட் (ஆழத்தில் பாறை திடீரென்று வெடிப்பது) ஆனால் மேலே வீட்டில் பாத்திரம் உருளும், எல்லோரும் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்கள். அந்தச் சுரங்கத்தில்தான் விஞ்ஞானிகளும் இறங்கினார்கள். வானத்திலிருந்து சதா பொழிகிற காஸ்மிக் கதிர்களை வடிகட்ட அவ்வளவு பாறை தலைக்குமேல் வேண்டும். வளிமண்டலத்தில் பிறந்து பாறையையும் துளைத்துப் போகும் நியூட்ரினோ என்ற துகளை உலகில் முதலில் கண்ட இரண்டு இடங்களில் ஒன்று எங்கள் ஊர், 1965-இல். இன்னொன்று தென்னாப்பிரிக்கச் சுரங்கம்.

நான் சொல்ல வந்தது அடுத்த சோதனை. 1974-இல் ஒரு கோட்பாடு வந்தது: அணுக்கருவில் இருக்கும் புரோட்டான் நிரந்தரம் இல்லை, அதுவும் ஒருநாள் சிதையும். ஆயுள் சுமார் 10-இன் அடுக்கு 30 ஆண்டு, கொஞ்சம் முன்னே பின்னே. பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுதான், அதுவரை யார் காத்திருப்பது? அதனால் கோடானுகோடி புரோட்டான்களை ஒரே இடத்தில் குவித்து, அதில் ஏதாவது ஒன்று சிதைகிறதா என்று பார்த்தார்கள். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பானியரும் சேர்ந்து 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் 140 டன் இரும்பை அடுக்கினார்கள். 1980 கடைசியில் சோதனை தொடங்கியது. ஆயுள் 10-இன் அடுக்கு 31 என்று வைத்தால் அவ்வளவு இரும்பில் ஆண்டுக்கு ஒரு சில சிதைவுதான் நடக்கலாம், அதில் கருவி பிடிப்பது கொஞ்சம். அவ்வளவு இரும்பும் கேஜில்தான் (சுரங்க லிஃப்டில்தான்) இறங்க வேண்டும்.

சில தடங்கள் கிடைத்தன. சிதைவாக இருக்கலாம் என்று எங்கள் சுரங்கக் குழு வெளியிட்டது. உலகமே திரும்பிப் பார்த்தது. அப்புறம் அமெரிக்காவில் ஒஹையோ உப்புச் சுரங்கத்திலும் ஜப்பானில் கமியோகாவிலும் ஆயிரக்கணக்கான டன் தண்ணீரை நிரப்பி இன்னும் பெரிய கருவிகள் வந்தன. அவற்றில் ஒன்றும் தெரியவில்லை. நியூட்ரினோ மோதினாலும் அதே மாதிரித் தடம் விழலாம். அந்த எளிய கோட்பாடு கைவிடப்பட்டது. இன்று புரோட்டானின் ஆயுள் 10-இன் அடுக்கு 34 ஆண்டுக்கும் மேல் என்கிறார்கள், இன்னும் யாரும் சிதைவைப் பார்க்கவில்லை.

சின்ன வயதில் இதைக் கேட்டபோது நம் ஊர் தோற்றுவிட்டது என்று எனக்கு வருத்தம். இப்போது அப்படி இல்லை. எங்கே, எத்தனை டன், எந்தத் தடம் என்று அத்தனையும் எழுதி வெளியிட்டதால்தான் இன்னொருவர் போய்ச் சரிபார்க்க முடிந்தது. பிறகு இன்னும் பெரிய அடுக்கும் வைத்துத் தேடினார்கள். 2001-இல் சுரங்கத்தையே மூடிவிட்டார்கள். தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சையனைடு மேடு மட்டும் நிற்கிறது. ஆனால் அந்த எண்கள் இன்றும் கட்டுரைகளில் இருக்கின்றன. எனக்கு அது பெருமைதான்.

ஜே.பி. நகர் | ஞாயிறு, பிற்பகல் 2:10

எல்லாம் சரி, விஞ்ஞானிகள் இவ்வளவு நல்லவர்கள் என்று எழுதுவதுதான் எனக்கு உறுத்துகிறது. 1935 ஜனவரியில் நம் சந்திரசேகர், ஒரு நட்சத்திரம் சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்குக்குமேல் எடையிருந்தால் எரிந்து தீர்ந்தபின் சுருங்கி வெள்ளைக் குள்ளனாக நிலைக்காது என்று லண்டனில் சொன்னார். அடுத்து எழுந்த பெரிய வானியலாளர் எடிங்டன் அதைச் சபையிலேயே மறுத்தார். கணக்கில் தப்பு இருப்பதாக அவர் காட்டவில்லை. நட்சத்திரம் அப்படி நடந்துகொள்ளக் கூடாது என்றார்! சந்திரசேகர் சொன்னது சரி என்று தெரிந்த பெரிய இயற்பியலாளர்கள்கூட வெளிப்படையாக எழுந்து பேசவில்லை. நோபல் பரிசு வந்தது 1983-இல். அறிவியல் வரலாற்றாசிரியர் தாமஸ் கூன் 1962-இல் எழுதியதும் இதுதானே? பழகிய சட்டகத்துக்குள்தான் விஞ்ஞானி பார்க்கிறார், சட்டகம் உடைகிறவரை எதிர்ச் சான்றைத் தள்ளித்தான் வைக்கிறார்.

நாலாவது பெஞ்ச் | ஞாயிறு, மாலை 5:45

நீங்கள் சொன்ன சம்பவம் எனக்கும் வலிக்கிறது, அதை மூடி மறைக்க வேண்டாம். 1919 கிரகணத்தைப் படமெடுக்கப் போய் ஐன்ஸ்டைனை உலகறியச் செய்தவரும் அதே எடிங்டன்தான். ஒரே மனிதரிடம் இரண்டும் இருந்தது. கூன் சொன்னதில் பெரும்பகுதி சரி. பிடிவாதத்துக்குக் கொஞ்சம் பயனும் உண்டு என்றே அவர் சொன்னார். முதல் முரண்பாட்டிலேயே எல்லோரும் ஓடிவிட்டால் நெப்டியூன் கிடைத்திருக்காது.

ஆனால் ஒன்று. எடிங்டன் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் சந்திரசேகரின் கணக்கை அவரால் அழிக்க முடியவில்லை. அது அச்சில் இருந்தது, வேறு யாரும் போட்டுப் பார்க்கலாம், போட்டும் பார்த்தார்கள். தனி மனிதர்களின் நல்ல குணத்தை நம்பி இது நடக்கவில்லை. தப்பை எழுதி வைத்து, இன்னொருவர் வந்து குடையட்டும் என்று திறந்து வைக்கிற பழக்கம்தான் காரணம். எல்லைக்கோடு என்று ஒன்று இருந்தால் கம்பிக்கும் தேங்காய்க்கும் நடுவில் அதைத் தேட மாட்டேன், இந்தப் பழக்கத்தில்தான் தேடுவேன். 1983-இல் லாரி லாடன் என்ற தத்துவவாதி, எல்லைக்கோடு தேடுவதையே விட்டுவிடுங்கள், கூற்றுக்குச் சான்று இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள் என்றார். நான் அந்த அளவு போகமாட்டேன்.

கல்லுளி | ஞாயிறு, மாலை 6:30

ஒரு சின்னச் சேர்க்கை. கிராமத்தில் நீரோட்டம் பார்ப்பவர்களுக்கு நிலம் தெரியும். எந்த மரம் பச்சையாக நிற்கிறது, புற்று எங்கே இருக்கிறது என்று கண் தானாகப் பார்க்கும். 6-ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் இப்படிப்பட்ட அடையாளங்களையே ஓர் அத்தியாயமாக எழுதி வைத்தார். அந்த அறிவு தேங்காய் வழியாக வெளிவரலாம், அதை நான் மதிக்கிறேன். ஆனால் சிமெண்ட் போட்ட அப்பார்ட்மெண்டில் பார்க்க மரமும் இல்லை, புற்றும் இல்லை.

ஹொரமாவு வாசி | அடுத்த ஞாயிறு, இரவு 9:00

இந்த வாரம் நானும் மகளும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு எங்கள் லேஅவுட்டைச் சுற்றினோம். வீடு வீடாகக் கேட்டது நாலே விஷயம்: எத்தனை போர், எத்தனை அடி, தண்ணீர் வந்ததா, புள்ளி குறித்தது யார்.

தண்ணீர் வந்த போரை எல்லோரும் உடனே சொல்கிறார்கள். ஆழம், இஞ்ச், குறித்தவர் பெயர், எல்லாம் ஞாபகம் இருக்கிறது. வற்றிய போரைக் கேட்டால் “அப்படி ஒன்றும் இல்லையே” என்கிறார்கள். எங்கள் கட்டடத்திலேயே மொத்தம் மூன்று போர்தான் என்று செயலாளர் அடித்துச் சொன்னார். வாட்ச்மேன் அண்ணா ஒன்றும் பேசாமல் எங்களை மோட்டார் ஷெட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு துளசித் தொட்டி. இரண்டு பேர் சேர்ந்து நகர்த்தினோம். கீழே தரைமட்டத்துக்கு அறுத்த கேசிங் பைப் (போர்க் குழாய்), வாயில் ஒரு இரும்புத் தகட்டை வெல்டிங் வைத்து மூடியிருந்தது. துருப் பிடித்திருந்தாலும் கையால் அசைக்க முடியவில்லை. கட்டடம் எழுந்த வருடத்தில் போட்டதாம், சொட்டுத் தண்ணீர் வரவில்லையாம்.

மகள் உட்கார்ந்து எழுதினாள். போர் எண் நான்கு. தண்ணீர்: இல்லை. ஆழம் தெரியாததால் கேள்விக்குறி போட்டாள். புள்ளி குறித்தது யார் என்ற கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு வாட்ச்மேன் அண்ணாவை நிமிர்ந்து பார்த்தாள். கம்பியா, தேங்காயா என்று அவருக்கும் நினைவில்லை. அந்தக் கட்டத்தை அவள் காலியாகவே விட்டிருக்கிறாள். நாளை, இந்தக் கட்டடத்தைக் கட்டிய பில்டரிடம் வேலை பார்த்த மேஸ்திரியைத் தேடிப் போகிறோம்.